"சவுண்ட் கமிங் சார்" என்பதைத் தாண்டி: சத்தங்களுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

ஓசூரில் வேலை பார்க்கும் காவேரிப்பட்டணத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கம்பெனியில் ஒரு மெஷினில் வித்தியாசமாகச் சத்தம் வந்தது. மேனேஜரிடம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். 'சவுண்ட் கமிங் சார்' என்றேன். 'வாட் கைண்ட் ஆஃப் நாய்ஸ்?' என்று திருப்பிக் கேட்டார். முழித்தேன். கடைசியில் வாயாலேயே 'கரகர கரகர' என்று செய்து காட்டினேன், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் மூன்றாவது படிக்கும் மகள், விக்கலுக்கு இங்கிலீஷில் என்னப்பா, பாட்டி களி கிண்டும்போது வருகிற சத்தத்துக்கு என்னப்பா என்று உயிரை எடுக்கிறாள். தும்மல், இருமல் தொடங்கி வீட்டுச் சத்தம், மெஷின் சத்தம் வரை எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் தர முடியுமா?"

பட்டியல் தரமாட்டேன், தம்பி. தர்மபுரிப் பக்கத்துப் பள்ளிகளில் பல வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த காலத்தில் அப்படிப் பட்டியல் எழுதிப்போட்டுப் பார்த்தவன் நான். பிள்ளைகள் பரீட்சைக்கு ஒப்பிப்பார்கள், அடுத்த வாரம் கேட்டால் பாதி இருக்காது. பட்டியலை விட உபயோகமானது ஒன்று இருக்கிறது. அது தெரிந்தால் சொற்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும்.

முதலில், வாயால் 'கரகர' என்று செய்து காட்டியதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதே இல்லை. ஆங்கிலக்காரனும் அதையேதான் செய்தான். செய்துவிட்டு அந்தச் சத்தத்தையே வினைச்சொல்லாக வைத்துக்கொண்டான், அவ்வளவுதான். நாம் "கதவு கிறீச்சென்று திறந்தது" என்கிறோம். இங்கே வினை 'திறந்தது'. 'கிறீச்' என்பது 'என்று' என்ற கொக்கியில் தொங்கிக்கொண்டு கூடவே வருகிறது. ஆங்கிலத்தில் கொக்கி கிடையாது. 'தி டோர் க்ரீக்ஸ்' என்றால் முடிந்தது. கதவு என்ன செய்கிறது? க்ரீக் செய்கிறது. மாங்காய் தொப்பென்று விழுந்தால் 'இட் தடட்'. குழாய் சொட்டுச் சொட்டென்று ஒழுகினால் 'தி டாப் ட்ரிப்ஸ்'. நாமும் சத்தத்தை வினையாக்குகிறோம், ஆனால் பெரும்பாலும் இரட்டையாக வந்தால்தான்: முணுமுணுக்கிறான், சலசலக்கிறது, தொண்டை கரகரக்கிறது. ஒற்றையாக வந்தால் 'என்று' போடாமல் முடியாது. கதவு கிறீச்சியது என்று யாரும் சொல்வதில்லை.

அதனால்தான் நம் ஆட்கள் ஆங்கிலம் பேசும்போது 'சவுண்ட் கமிங்' என்று வருகிறது. சத்தம் வருகிறது என்பதன் நேர் நிழல் அது. 'எ நாய்ஸ் இஸ் கமிங் ஃப்ரம் தி மோட்டார்' என்று முழுதாகச் சொன்னால் அது சரியான ஆங்கிலம்தான். ஆனால் கேட்பவருக்கு அதில் தகவல் இல்லை. சத்தம் வருகிறது என்பது அவருக்கும் காது இருப்பதால் தெரியும்.

சவுண்ட், நாய்ஸ், வாய்ஸ் மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள். நமக்கு 'சத்தம்' ஒன்றே போதும். அம்மா கூப்பிட்டாலும் சத்தம், இடி இடித்தாலும் சத்தம், குழந்தைகள் கத்தினாலும் "சத்தம் போடாதே". ஆங்கிலத்தில் மனிதர் குரல் என்றால் வாய்ஸ். பொதுவாகக் காதில் விழும் எதுவும் சவுண்ட். வேண்டாத சத்தம், தொல்லை தரும் சத்தம் நாய்ஸ். அதனால்தான் மேனேஜர் நாய்ஸ் என்று கேட்டார். நல்ல மெஷினிலிருந்து வருவது சவுண்ட், கெட்டுப்போன மெஷினிலிருந்து வருவது நாய்ஸ். மாணவர்கள் 'ஐ ஹர்ட் மை மதர்ஸ் சவுண்ட்' என்று எழுதுவார்கள். அம்மா என்ன ஹாரனா?

சரி, மகளின் கேள்விக்கு வருகிறேன். உடம்பு எழுப்பும் சத்தங்களில் மூக்கிலிருந்து தொடங்குவது சுலபம், ஏனென்றால் ஆங்கிலத்தில் மூக்குக்கென்று ஒரு குடும்பமே இருக்கிறது. அதன் குடும்பப்பெயர் 'ஸ்ன்'. தும்முவது ஸ்னீஸ். குறட்டை விடுவது ஸ்னோர். மோந்து பார்ப்பது, மூக்கை உறிஞ்சுவது ஸ்னிஃப். சளி பிடித்த குழந்தை விட்டுவிட்டு உறிஞ்சிக்கொண்டே இருந்தால் ஸ்னிஃபிள். குதிரை மூக்கால் சீறுவதும், நம்ப முடியாத பேச்சைக் கேட்டு ஒருவர் மூக்கால் 'ஹ்ம்' என்று விடுவதும் ஸ்னார்ட். சளிக்கே கொச்சையாக ஸ்னாட், பன்றியின் மூஞ்சி ஸ்னௌட். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தும்மலுக்கான சொல் பழைய ஆங்கிலத்தில் 'ஸ்ன்' என்று தொடங்கவில்லை, 'ஃப்ன்' என்று தொடங்கியது. உண்மையான தும்மலுக்கு அதுதான் இன்னும் பக்கம், இல்லையா? அப்படித் தொடங்கும் சொற்கள் மொழியில் அருகிப்போனதும் அது மெல்ல மூக்குக் குடும்பத்தில் வந்து சேர்ந்துகொண்டது. மூக்கைச் சிந்துவதற்குத் தனி வினை இல்லை, 'ப்ளோ யுவர் நோஸ்' என்பார்கள்.

மூக்கை விட்டு வாய்க்கு வந்தால் நாம் செய்யும் தப்பு ஒன்றே ஒன்று. தமிழில் எல்லாவற்றையும் 'விடுகிறோம்': குறட்டை விடுகிறோம், கொட்டாவி விடுகிறோம், ஏப்பம் விடுகிறோம், பெருமூச்சு விடுகிறோம். ஆங்கிலத்தில் இவை எல்லாமே தனி வினைகள்: ஸ்னோர், யான், பர்ப், சை. 'ஹி இஸ் லீவிங் ஸ்னோரிங்' என்று ஒரு மாணவன் எழுதியிருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்திலும் ஒரு 'விடு' இருக்கிறது: 'லெட் அவுட்'. 'ஷீ லெட் அவுட் எ சை' என்றால் பெருமூச்சு விட்டாள். கத்தல், ஏப்பம், கொட்டாவி எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது என்ற தொனி அதில் இருக்கும்.

விக்கல் மட்டும் விதிவிலக்கு. அதை யாரும் விடுவதில்லை, அது தானாக வருகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் திடீரென்று சுருங்கி, மூச்சு உள்ளே போகும் நேரத்தில் குரல்வளையின் வாய் சட்டென்று மூடிக்கொள்கிறது. அந்த மூடலின் சத்தம்தான் 'ஹிக்'. சொல் ஹிக்கப். தொடர்ந்து வந்தால் பன்மையில் 'ஐ ஹேவ் ஹிக்கப்ஸ்'. சில பழைய புத்தகங்களில் இதன் கடைசிப் பகுதியை இருமலைக் குறிக்கும் காஃப் போல எழுதியிருப்பதைப் பார்க்கலாம். இருமலுக்கும் விக்கலுக்கும் உறவு என்று யாரோ தப்பாக நினைத்ததில் வந்த எழுத்து அது. எழுத்து எப்படியிருந்தாலும் உச்சரிப்பு ஹிக்கப்தான். உங்கள் மகளுக்கு இன்னொன்றையும் சொல்லலாம்: அமெரிக்காவில் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் ஆஸ்போர்ன் என்பவருக்கு 1922-ல் தொடங்கிய விக்கல் 1990-ல்தான் நின்றது. 68 வருஷம். யாராவது நினைத்தால் விக்கல் வரும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தக் கணக்குப்படி அவரை யார் அப்படி நினைத்துக்கொண்டே இருந்தார்களோ.

இருமல் காஃப். எழுத்தைப் பார்த்துப் படித்தால் தடுக்கிவிடும் சொல். டாக்டரிடம் போனால் வெறும் காஃப் என்று சொல்வதோடு விடாதீர்கள். வறட்டு இருமல் ட்ரை காஃப். சளியோடு வந்தால் அதற்கு அவர்கள் சொல்வது ப்ரொடக்டிவ் காஃப். உற்பத்தி செய்கிறதாம்! கக்குவான் இருமலுக்கு வூப்பிங் காஃப் என்று பெயர் வந்ததே சத்தத்தால்தான். விடாமல் இருமி முடித்துக் குழந்தை மூச்சை இழுக்கும்போது 'வூப்' என்று கேட்கும். மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் மாதிரி கேட்பது வீஸ். இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, "புள்ளைக்கு வீசிங் இருக்கு சார்" என்று சொல்லாத அம்மா நம் மாவட்டத்தில் இல்லை. பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுவதற்கு 'க்ளியர் யுவர் த்ரோட்'. ஓடிவந்து மூச்சு வாங்குவது பேன்ட். அதிர்ச்சியில் 'ஹா' என்று மூச்சை உள்ளே இழுப்பது காஸ்ப்.

வயிறு இரைவதற்கு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். இளம் வயதில் பெங்களூரில் ஒரு வகுப்புக்குப் போயிருந்தேன். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்த அவசரத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை. பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே 'யுவர் ஸ்டமக் இஸ் க்ரௌலிங்' என்றார். க்ரௌல் என்றால் நாய் உறுமுவது என்று மட்டும் படித்து வைத்திருந்த எனக்கு முகம் சிவந்துவிட்டது. மதியம்தான் தெரிந்தது, பசித்த வயிறு ஆங்கிலத்தில் நாய் போல உறுமும், இடி போல ரம்பிளும் செய்யும் என்று. கூப்பிட்டு இட்லி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து 'ச்சு' கொட்டுகிறோமே, அதில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. நம் உச்சுக்கொட்டல் பெரும்பாலும் இரக்கம்: "ச்சு, பாவம்". சாப்பிட்டாயா என்று கேட்டால் ஒரு ச்சு, அது 'இல்லை'. ஆங்கிலத்தில் இதே சத்தத்தை 'டட்' என்று எழுதுவார்கள், அங்கே அது முதலில் கண்டிப்பைத்தான் காட்டும். ஓர் ஆங்கிலேயர் தன் துக்கத்தைச் சொல்லும்போது நீங்கள் உச்சுக்கொட்டினால் அவர் குழம்பிப்போவார்.

அழுகைச் சொற்களில் நாம் பணக்காரர்கள். விசும்பல், தேம்பல், கேவல் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஸாப் ஒன்றுதான் பக்கத்தில் வருகிறது. சத்தமில்லாமல் கண்ணீர் விடுவது வீப், சிணுங்குவது வைன், அடிபட்ட நாய்க்குட்டி போல மெல்ல அனத்துவது விம்பர், இழவு வீட்டில் ஓலமிடுவது வெய்ல். சிரிப்பில் அவர்களும் குறைந்தவர்கள் இல்லை. பெண்பிள்ளைகள் வகுப்பில் களுக்கென்று சிரிப்பது கிகிள், தாத்தா பேப்பர் படித்துத் தனக்குள் சிரிப்பது ச்சக்கிள், அடுத்தவர் விழுந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரிப்பது ஸ்னிக்கர் (பாருங்கள், மறுபடி மூக்கு). பேச்சில் இரண்டைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: எரிச்சலில் முணுமுணுப்பது மட்டர், வார்த்தை தெளிவில்லாமல் வாய்க்குள்ளேயே பேசுவது மம்பிள். இண்டர்வியூவில் செய்வது இரண்டாவது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. 'கிகிள்', 'மம்பிள்', 'ரம்பிள்', 'ஸ்னிஃபிள்' என்று கடைசியில் ஒரே மாதிரி முடிகின்றனவே, கவனித்தீர்களா? அதுதான் ஆங்கிலத்தின் இரட்டைக்கிளவி. நமக்கு ஒரு சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டால் சொல்லை இரண்டு முறை சொல்கிறோம்: சலசல, படபட, கடகட. "இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா" என்று தொல்காப்பியம் சொல்கிறபடி, பாதியைப் பிரித்தால் பொருள் போய்விடும். ஆங்கிலக்காரன் இரண்டு முறை சொல்வதற்குப் பதில் வாலில் ஒரு 'ல்' சேர்த்துவிடுகிறான். குச்சி ஒருமுறை முறிந்தால் க்ராக், நெருப்பில் சுள்ளிகள் படபடவென்று வெடித்துக்கொண்டே இருந்தால் க்ராக்கிள். ஒருமுறை உறிஞ்சினால் ஸ்னிஃப், உறிஞ்சிக்கொண்டே இருந்தால் ஸ்னிஃபிள். சில சமயம் 'ல்'லுக்குப் பதில் 'அர்' வரும்: லேசாக ஒருமுறை தட்டினால் பேட், மழைத்துளி ஓட்டின் மேல் தட்டிக்கொண்டே இருந்தால் பேட்டர். தட்டுகள் சரிந்தால் க்ளாட்டர், பல் நடுங்கினால் ச்சேட்டர். டேபிளும் ஆப்பிளும் இதில் சேராது, அது வேறு கதை. ஆனால் ஒரு சத்தச் சொல் 'ல்' என்று முடிந்தால், தொடர்ந்து வரும் சின்னச் சின்னச் சத்தம் என்று தைரியமாக ஊகிக்கலாம்.

உயிரெழுத்திலும் நம் காதும் அவர்கள் காதும் ஒன்றுதான். மெல்லிய, கூர்மையான சத்தம் என்றால் நமக்கு 'ஈ' வரும்: கீச், வீல், கிறீச். அவர்களுக்கும் அப்படியே: எண்ணெய் போடாத கீல் க்ரீக், எலி ஸ்க்வீக், வீலென்று கத்தினால் ஷ்ரீக், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிக்காரர் பிரேக்கை அழுத்தினால் ஸ்க்ரீச். கனமான சத்தத்துக்கு நாம் தொம், கும், டமார் என்று வாயை உருட்டுகிறோம். அவர்கள் பூம், தட், தம்ப் என்கிறார்கள். இரண்டு டீ கிளாஸ் மோதினால் க்ளிங்க், இரும்புச் சங்கிலி விழுந்தால் க்ளாங்க், கனமான ஏதோ உள்ளே இடித்தால் க்ளங்க். இ, ஆ, அ என்று உயிர் மாற மாற பொருள் கனமாகிக்கொண்டே போகிறது. கொலுசு கிணுகிணு, கோயில் மணி கணகண என்கிறோமே, அதே கணக்கு.

சொல் எப்படி முடிகிறது என்பதையும் கேளுங்கள். க், ட், ப் என்று முடிந்தால் சத்தம் உடனே நின்றுவிட்டது: க்ளிக், டாப், பாப். நம் டக், பட், சட் போல. 'ங்' என்று முடிந்தால் ரீங்காரம் மிச்சமிருக்கிறது: ரிங், டிங், க்ளாங். எவர்சில்வர் குண்டான் ணங்கென்று விழுகிறதே, அதுபோல. 'ஷ்' என்றால் சிதறல் அல்லது உராய்வு: தண்ணீர் ஸ்ப்ளாஷ், சேலை ஸ்விஷ்.

ஒரே தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு வரும் இடங்களில்தான் அகராதி காலை வாரும். சலசலப்பு என்றால் என்ன? ஓடையின் சலசலப்பு என்றால் பேபிள் அல்லது மர்மர். பனங்காட்டு நரி அஞ்சாத சலசலப்பு காய்ந்த ஓலையின் சத்தம். அது ரஸல் (நடுவில் 'ட்' எழுத்தில் உண்டு, வாயில் வராது. விசிலிலும் அப்படியே). மாறாக, 'கடகட' அச்சு அசலாகப் பொருந்துகிறது. ஜன்னல் கடகடவென்று ஆடினால் ரேட்டில், பையன் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்தால் அதுவும் 'ரேட்டில் ஆஃப்'. இரண்டு மொழியும் பேசிவைத்துக்கொண்டது போல. ஆனால் மளமளவென்று, விறுவிறுவென்று என்பவற்றில் சத்தமே இல்லை, வேகம்தான். அவற்றுக்குச் சத்தச் சொல் தேட வேண்டாம்.

வீட்டுக்குள் சமையலறைதான் நல்ல பள்ளிக்கூடம். தாளிக்கும்போது கடுகு வெடிப்பதை நம் நாட்டு ஆங்கிலச் சமையல் குறிப்புகள் ஸ்ப்ளட்டர் என்று எழுதும், பாப் என்றாலும் சரி. சூடான கல்லில் தோசை மாவு விழுந்து சுர்ரென்றால் ஸிஸில். குக்கர் முதலில் ஹிஸ், பிறகு விஸல். மிக்ஸி வ்ர்ர், ஃபிரிட்ஜ் ஹம். அப்பளம் கடித்தால் க்ரஞ்ச், டீயை உறிஞ்சினால் ஸ்லர்ப். போன் பஸ் (ஓடுகிற பஸ் இல்லை, ரீங்காரம்), கடிகாரம் டிக். ஹாரன் ஹாங்க், விடாமல் அடித்தால் ப்ளேர். கதவை அறைந்து சாத்தினால் ஸ்லாம். ஒகேனக்கல்லுக்குப் போனால் அருவியைப் பார்ப்பதற்கு முன்பே காதில் விழுவது ரோர். அந்த ஊருக்குக் கன்னடத்தில் புகையும் பாறை என்று அர்த்தம், அதாவது பெயர் வைத்தவர் கண்ணை நம்பியிருக்கிறார். காதை நம்பியிருந்தால் இரையும் பாறை என்று வைத்திருப்பார்.

இரண்டு வருஷம் முன்பு பாலக்கோடு பக்கம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டில் தங்க நேர்ந்தது. பட்டுப்புழு வளர்க்கிறவர், வீட்டை ஒட்டியே புழு வளர்ப்பு மனை. ராத்திரி விழிப்பு வந்தபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது போலிருந்தது. ஒரே சீராக, மெல்லிய தூறல். துண்டு காயப்போட்ட ஞாபகம் வந்து வெளியே போனால் வானம் முழுக்க நட்சத்திரம். சத்தம் மனையிலிருந்து வந்தது. நான்கு முறை தோல் உரித்து முடித்து, கூடு கட்டுவதற்கு முந்தின பருவத்தில் இருந்த புழுக்கள் அவை. வாழ்நாளில் தின்னும் தழையில் பெரும்பங்கை அந்த ஒரு வாரத்தில்தான் தின்று தீர்க்கும். ஆயிரக்கணக்கான வாய்கள் மல்பெரி இலையை ஓரத்திலிருந்து அரிக்கும் சத்தம் அது. மாணவர் டார்ச்சோடு வந்து, "சார், இதுக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்றார். மன்ச், அதாவது நறநறவென்று மெல்லுவது, என்று தொடங்கினேன். ஒரு புழு என்றால் அது சரி, ஆனால் அங்கே கேட்டது ஒரு புழு இல்லையே. ரஸல்? அது இலை அசைவது, தின்னப்படுவது அல்ல. கடைசியில் பேட்டர் என்றேன், தூறல் என்று நான் ஏமாந்தேனே, அதனால். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பேட்டர் என்றால் துளித்துளியாகக் கேட்க வேண்டும், இது இழைந்து கேட்கிறதே என்றார். அவர் சொன்னதுதான் சரி.

இப்போது உங்கள் மெஷின். நீங்கள் இருக்கும் ஓசூர் வண்டி செய்கிற ஊர், வண்டித் தொழிலில் சத்தம் ஒரு தனிப் படிப்பு. என்.வி.எச். என்று எங்காவது போர்டில் பார்த்திருப்பீர்கள்: நாய்ஸ், வைப்ரேஷன், ஹார்ஷ்னஸ். வண்டிக்குள் கேட்கும் சில்லறைச் சத்தங்களை பஸ், ஸ்க்வீக், ரேட்டில் என்று மூன்று பெட்டியில் போடுவார்கள். பஸ் என்பது ரீங்காரம், தகடு எதனோடோ சேர்ந்து அதிர்வது. ஸ்க்வீக் என்பது இரண்டு பரப்புகள் ஒட்டி உரசுவது. ரேட்டில் என்பது இடைவெளி விட்டு ஒன்றையொன்று தட்டுவது. அதாவது சொல்லே காரணத்தில் பாதியைச் சொல்லிவிடுகிறது. ரேட்டில் என்றால் எங்கோ போல்ட் லூஸ், ஸ்க்வீக் என்றால் உரசல். அதனால்தான் உங்கள் மேனேஜர் எந்த மாதிரி என்று கேட்டார், உங்களை மட்டம் தட்ட அல்ல.

ஷாப் ஃப்ளோரில் மற்றவை இவை. பெல்ட் நழுவினால் ஸ்க்வீல். கியரோ மோட்டாரோ உச்சஸ்தாயியில் ஒரே சீராக இழுத்தால் வைன், குழந்தைச் சிணுங்கலுக்கும் அதே சொல்தான். ஏர் லைனில் லீக் என்றால் ஹிஸ். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் கேட்பது ஹம். அது கோளாறு இல்லை, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் உள்ளேயிருக்கும் இரும்பு வினாடிக்கு 100 முறை அதிர்வதால் வருவது. கடைசலில் டூல் அதிர்ந்து வேலைப்பொருளின் மேல் வரிவரியாக விழுந்தால் ச்சேட்டர், அந்த வரிகளுக்கும் அதே பெயர். இன்ஜினில் டொக் டொக்கென்று இடித்தால் நாக். மெக்கானிக் ஷாப்பில் டேப்பெட் (இன்ஜின் வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் என்பார்களே, அது டிக் அல்லது டாப்.

நீங்கள் வாயால் செய்து காட்டிய 'கரகர' மெஷினில் என்றால் க்ரைண்டிங். கிரீஸ் வற்றிய பேரிங், இரும்பும் இரும்பும் தேயும் சத்தம். இதே கரகர தொண்டையில் என்றால் ஹோர்ஸ், குதிரைக்கும் அதற்கும் உச்சரிப்பு ஒன்றுதான், எழுத்துதான் வேறு. மேனேஜரிடம் சொல்லும்போது மூன்றைச் சேருங்கள்: எந்தச் சத்தம், எந்த இடம், எப்போது. 'தேர்ஸ் எ க்ரைண்டிங் நாய்ஸ் ஃப்ரம் தி ஸ்பிண்டில் சைட், ஒன்லி அட் ஹை ஸ்பீட்.' விட்டுவிட்டு வந்தால் இன்டர்மிட்டன்ட், விடாமல் வந்தால் கன்டினியுவஸ். இவ்வளவு சொன்னால் அவர் ஆளை அனுப்பும்போதே சரியான பாகத்தோடு அனுப்புவார். சொல் வரவில்லையென்றால் மறுபடியும் வாயால் செய்து காட்டுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். பேரிங் போனபின் சொல்வதை விட அது மேல்.

அப்புறம், களி. உலை கொதித்து, கேழ்வரகு மாவைப் போட்டதும் கனமான குமிழிகள் மெதுவாக எழும்பி பொளக் பொளக்கென்று உடைகின்றனவே, அதற்கு ப்ளாப் பொருந்தும். குளத்தில் கல் விழுவதற்குச் சொல்வதும் அதுதான். மாவு இறுகி, பாட்டி கட்டையால் அழுத்திக் கிண்டும்போது வருவது வேறு சத்தம். சேற்றில் காலை வைத்து எடுத்தால் வருமே, ஸ்க்வெல்ச், அதற்குப் பக்கத்தில் வரும். ஆனால் எந்த ஆங்கிலக்காரனும் சாப்பாட்டுக்கு அந்தச் சொல்லை ஆசையாகச் சொல்லமாட்டான். அடுத்த முறை களி கிண்டும்போது மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த இடத்தில் ப்ளாப் நின்று ஸ்க்வெல்ச் தொடங்குகிறது என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். அடுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளியே உட்காரட்டும், ப்ளாப் கட்டத்தில் களி தெறிக்கும்.